உளுந்துப் போத்தலுக்குள் கதவுக் கிளிப்புகள்

அந்தப் பொட்டலத்தை எங்கே ஒளிப்பது என்று யோசித்தபோது முதலில் மனதில் வந்தது சாமி அலுமாரி. அங்கே ஒளித்தால் பாவம் கூடும் என்று பட்டது. கடைசியில் உளுந்துப் போத்தலைத் திறந்து, பாதி உளுந்தைத் தட்டத்தில் கொட்டி, பொட்டலத்தை நடுவில் வைத்து, மேலே மறுபடி உளுந்தை நிரப்பினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மூடியை இறுக்கினேன். அறுபத்திரண்டு வயதில் நான் செய்த முதல் களவு அது.

பொட்டலத்துக்குள் இருந்தவை கம்பிக் கிளிப்புகள். பழைய காரின் கதவுக்கு உட்பக்கம் ஒரு பலகை இருக்குமே, அதைக் கதவோடு பிடித்து வைத்திருக்கும் சின்னச் சின்ன வில்கள். எங்கள் மொரிஸ் மைனரின் நான்கு கதவுகளுக்கும் போதுமானவை. அந்த அளவுக் கிளிப் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைகளிலும் கிடைக்கவில்லை. மெல்பேர்னில் இருக்கும் எங்கள் மகள் அபி தேடி வாங்கித் தபாலில் அனுப்பியிருந்தாள்.

ஹாலில் என் கணவர் குகதாசன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் இதய வைத்தியரின் உதவியாளர்.

"ஓம், புதன்கிழமை வந்து அட்மிட் ஆகிறன். வியாழன் ஒப்பரேஷன். ஓம், விளங்குது." தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க ஆள் வரச் சொல்வதைப் போலத்தான் குரல் இருந்தது. "அதுக்கு முதல் எனக்கு ஒரு வேலை முடிக்க வேணும். அது முடிஞ்சால் சரி."

அந்தக் கடைசி வசனத்தைச் சில நாட்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் நான் கிளிப்பை ஒளித்தேன்.

மூடாத கதவுகள்

பத்திரிகைக்கு நான் எழுதிவரும் இந்தத் தொடரில் எங்கள் காரைப் பற்றி இதுவரை நான் எழுதவில்லை. எழுதினால் கதவுகளைப் பற்றியும் எழுத வேண்டிவரும் என்பதுதான் காரணம்.

எங்கள் கலியாணத்துக்கு முன்பே குகன் அதை வாங்கிவிட்டார். மங்கிய பச்சை நிறம். கட்டட வரைபடம் கீறுவது அவருடைய தொழில். அளவு பிசகினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. காரையும் அப்படித்தான் வைத்திருந்தார். நானோ சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் பத்திரங்களை மாற்றிக் கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், காணி உறுதி. வாய்க்குள் இரண்டு பாஷையும் எப்போதும் தயாராக நிற்கும் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

யுத்த காலம். அபிக்கு அப்போது ஆறு வயதிருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் சோதனைச் சாவடி. நிற்பாட்டுவது வழக்கம்தான். அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், டிக்கியைத் திறப்பார்கள், விடுவார்கள். அன்றைக்கு வந்த சிப்பாய் எங்களை இறக்கிவிட்டு, கதவை விரலால் தட்டிப் பார்த்தான். இன்னொரு தரம் தட்டினான். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது.

"எத்துலே மொனவத தியென்னே?" என்று கேட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று.

குகனுக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். கார்க் கண்ணாடி இறங்கிப் போய் நிற்கிற இடம் அது, வேறு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அவருக்குக் கண்ணாடி என்ற சொல் வரவில்லை. கையால் மேலும் கீழும் காட்டினார். சிப்பாயின் முகம் மாறியது. குகன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீதுருவ. அதுதான் சொல். எத்தனையோ ஆயிரம் தடவை எழுதிய சொல். என் நாக்கு அசையவில்லை. அபியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றேன்.

ஸ்குரூட்ரைவர் கொண்டுவந்து நான்கு கதவுப் பலகைகளையும் கழற்றினார்கள். முரட்டுத்தனமாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் பலகைகளைப் பின்சீட்டில் அடுக்கியும் வைத்தான். ஆனால் கிளிப்புகள் உடைந்து தெருவெல்லாம் சிதறின. வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். ஒரு கதவுக்குள்ளிருந்து அபியின் கலர்ப் பென்சில் ஒன்று கிடைத்தது. அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் திறந்து கிடந்த தகரத்தில் அபியின் விரல் வெட்டுப்பட்டது. அந்தத் தழும்பு அவளுக்கு இன்னும் உண்டு.

அன்று பின்னேரம் குகன் ஒரே ஒரு தரம் கேட்டார். "ஏன் நீர் கதைக்கேல்லை?" நான் அபியின் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

பலகைகளை அவர் திரும்பப் பூட்டவும் இல்லை. அவற்றை அலுமாரிக்கு மேலே போட்டார். கதவின் எலும்பும் கம்பியும் தெரியத் தெரியத்தான் கார் ஓடியது. "இப்ப தட்டிப் பார்க்கத் தேவையில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியுது" என்பார். ஒவ்வொரு சாவடியிலும் அது உதவியது என்பதும் உண்மை. யுத்தம் முடிந்தது. சாவடிகள் போயின. அதற்குள் பலகைகளைக் கறையான் தின்றிருந்தது. ரப்பரெல்லாம் இறுகி வெடித்து உதிர்ந்தது. மழை பெய்தால் முழங்காலில் தண்ணீர் சொட்டும். நான் மடியில் ஒரு துவாய் விரித்துக்கொள்வேன். வருடங்கள் அப்படியே போயின. இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கொட்டாஞ்சேனைக்கு ஒரு சுற்று

சென்ற வருடம் மாடிப்படி ஏறும்போது குகனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சோதித்துப் பார்த்தார்கள். மூன்று குழாய்களில் அடைப்பு. பைபாஸ் செய்தாக வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். அதுவரைக்கும் பாரம் தூக்கக்கூடாது, எதையும் இழுக்கவோ தள்ளவோ கூடாது, அவசரப்படக்கூடாது. நெஞ்சு வலித்தால் நாக்குக்குக் கீழே ஒரு குளிசை.

குகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு, "கதவுகளைச் செய்து போடப் போறன்" என்றார்.

"எந்தக் கதவு?"

"காரின்ரை."

இருபது வருடத்துக்கும் மேலாகத் தொடாத வேலை. அதை ஏன் இப்போது தொடுகிறார்? அடுத்த நாட்களில் அவர் செய்த மற்ற வேலைகளையும் நான் கவனிக்கத் தொடங்கினேன். வீட்டுப் பத்திரங்களை ஒரே கோப்பில் போட்டார். ஒவ்வொரு சாவிக்கும் பெயர் எழுதிக் கட்டினார். காஸ் சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று என்னைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டித் தந்தார். தன் வரைபடப் பேனாக்களை எடுத்துக்கொண்டுபோய் மேல்மாடியில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மனுஷன் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிறார் என்றே பட்டது. மிஞ்சியிருந்தது கதவுகள் மட்டும்.

கதவுப் பலகைகளைச் செய்தவர் கொட்டாஞ்சேனையில் வாகன சீட்டுகளுக்குக் குஷன் வேலை செய்யும் செல்வராஜ். ஐம்பது வயது தாண்டியவர், ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். குகன் அட்டையில் வெட்டிக் கொடுத்த அளவுகளை வைத்துப் பலகை அறுத்து, சிவப்பு ரெக்சின் போர்த்தி, கிளிப்புக்கு ஓட்டை போட்டிருந்தார். ஓட்டையின் அளவு பார்ப்பதற்காகக் கிளிப்புப் பொட்டலமும் சில நாள் அவர் கடையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் பலகைகளை எடுக்கப் போனோம். கடைக்குள் பசை மணம் மூக்கைக் கடித்தது.

"ஐயா, பின்பக்கத்து இடது கதவு கொஞ்சம் வளஞ்சிருக்குங்க" என்றார் செல்வராஜ். "நீங்க வரஞ்சு குடுத்தபடிதான் செஞ்சிருக்கேன். ஆனா உக்காருமான்னு தெரியல. சேரலன்னா கூப்பிடுங்க, நான் வந்து பாக்குறேன்."

பொட்டலத்தைக் குகனின் கையில் வைத்து, "இந்தாங்க, உங்க கிளிப்பு" என்று சொன்னார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை அது உளுந்துக்குள் போனது.

இப்போது எழுதும்போது என் யோசனை எனக்கே சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது உறுதியாக இருந்தது. ஒரு வேலை பாதியில் நின்றால் அதை முடிக்க அவர் திரும்பி வந்தாக வேண்டும். குகன் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

தேடினார்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தேடத் தொடங்கினார். முதலில் மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தார். பிறகு ஸ்குரூட்ரைவரும் குறடும் கிடக்கும் ஆயுதப் பெட்டி. பிறகு வெள்ளிக்கிழமை போட்டிருந்த காற்சட்டைப் பை.

"பவானி, கிளிப்புப் பொட்டலத்தைக் கண்டனீரோ?"

"இல்லை" என்றேன். இரவுத் தோசைக்கு அரிசியை மட்டும் ஊறப்போட்டுவிட்டு, உளுந்தைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் செல்வராஜுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் குசினியில் நின்றபடி கேட்டேன்.

"செல்வராஜ், அந்தக் கிளிப்பு உங்கட கடையிலைதான் நிண்டிட்டுது போலை. வடிவாப் பாருங்கோ." மறுமுனையில் செல்வராஜ் ஏதோ சொன்னார். "கையிலை தந்தனீங்களோ? தந்திருந்தால் இஞ்சை இருக்க வேணுமே. அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டோ சொல்லுறியள்?"

குகன் யாரோடும் அப்படிக் கதைப்பவர் அல்ல. தொலைபேசியை வைத்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "நல்ல மனுஷன் எண்டு நினைச்சன்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் நாக்கு அசையவில்லை.

"காருக்குள்ளை பார்த்திட்டு வாறன்" என்று அவர் லிப்டில் இறங்கிப் போனார். நான் பல்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எங்கள் தொடர்மாடியின் முன்னால், மதிலோரம் கார் நிற்கும். அவர் டிக்கியைத் திறந்து டயரோடு கிடந்த உதிரிச் சில்லைத் தூக்குவது தெரிந்தது. தூக்கக்கூடாது என்று கத்த வாயெடுத்தேன், கடல் பக்கத்தால் ஒரு ரயில் போனது. அது போய் முடிந்தபோது அவர் சில்லை நிலத்தில் வைத்துவிட்டு முன்சீட்டுக்கு அடியில் குனிந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். கதவைப் பிடித்தார். மெதுவாக, மிக மெதுவாக, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். வலது கை நெஞ்சுக்குப் போனது.

லிப்டுக்காக நான் நிற்கவில்லை. மூன்று மாடி. எந்தப் படியில் கால் வைத்தேன் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் சாம்பலாக இருந்தது, நெற்றியில் வேர்வை. சட்டைப் பையிலிருந்து குளிசையை எடுத்து அவர் நாக்குக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில் சீமெந்துத் தரையில் இருந்தேன்.

"கிளிப்பு என்னட்டை இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குளிசை கரையும்வரை வாயைத் திறக்கக்கூடாது. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உளுந்துப் போத்தலுக்கை. நான்தான் ஒளிச்சு வைச்சனான். செல்வராஜ் பாவம், அவருக்கும் அதுக்கும் ஒண்டுமில்லை." அதற்குப் பிறகு சொற்கள் தாமாக வந்தன. கோப்பு, சாவிகள், காஸ் சிலிண்டர், பேனாக்கள் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுப் போகப் பாக்கிறியள். எனக்குத் தெரியும். ஒண்டாவது முடியாமல் கிடக்கட்டும் எண்டுதான்."

ஐந்து நிமிடம் இருக்கும். அவர் முகத்தில் நிறம் திரும்பத் தொடங்கியது. ஒரு தரம் விழுங்கினார்.

"ஒப்பரேஷனுக்குப் பிறகு மூண்டு மாசத்துக்கு நான் ஒண்டும் தூக்கேலாது" என்றார். "ஐப்பசி மழை வரப்போகுது. துடைக்க ஆளில்லாமல் மூண்டு மாசம் தண்ணி உள்ளுக்கை நிண்டால் கீழ்த் தகரம் முழுக்க உக்கிப் போகும். அதுக்குத்தான் இப்ப செய்யச் சொன்னது. வேறை ஒண்டுக்கும் இல்லை."

"பேனாவைக் குடுத்தது?"

"எனக்குக் கை நடுங்குது, பவானி. ஆறு மாசமாக் கோடு நேரா வருகுதில்லை. உமக்குச் சொல்லேல்லை."

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். வலி விட்டுவிட்டது, வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும் என்றார். சொன்னோம். வைத்தியர் என்னைத்தான் ஏசினார். இனி ஒரு ஸ்குரூவைக்கூட அவர் திருப்பக்கூடாது, மறுபடி வலித்தால் உடனே கொண்டுவர வேண்டும் என்றார். அந்த அமளியில் செல்வராஜுக்குத் தொலைபேசி எடுக்க இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிளாஸ்டிக் கதிரையிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை காலை காருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு அவரை இருத்தினேன். வேலையை நான் செய்தேன்.

முதலில் கதவு வாசலைச் சுற்றிவரும் ரப்பர். இங்கே அதைப் பீடிங் என்பார்கள். பழைய ரப்பரின் மிச்சத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பசை தடவி, புதியதை ஒட்ட வேண்டும்.

"இழுக்காதையும்" என்றார். "இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கி மூலையிலை விட்டிடும். கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தள்ளி வையும். மூட்டு கீழே வரட்டும். மேலே வந்தால் மழை அதைத்தான் தேடி வரும்."

பிறகு கண்ணாடியை, அதாவது ஷட்டரை, கீழே இறக்கிவிட்டு, அது ஏறி இறங்கும் தவாளிப்புக்கு, அந்த ஒடுங்கிய பள்ளத்துக்கு, கம்பளிப் பட்டி. விளிம்பில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கும் இரண்டு ஒல்லி ரப்பர்கள். அவற்றைப் பிடிக்கும் ஒரு கொளுக்கி என் விரலிலிருந்து நழுவிக் கதவுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் அடியில் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"விடும். அது அதின்ரை வயித்துக்கை கிடக்கட்டும்" என்றார். பிறகு கதவின் அடியில் இருந்த துளைகளைக் கம்பியால் குத்தச் சொன்னார். மழைத் தண்ணீர் எப்படியும் கொஞ்சம் உள்ளே வருமாம், வந்தது வெளியே போக வழி இருந்தால் போதுமாம். கதவின் உட்பக்கத் தகரத்தில் திறந்து கிடந்த இடங்களுக்கு மேலே பொலித்தீன் தாளை ஒட்டினேன். அதற்கு மேல் செல்வராஜின் சிவப்புப் பலகை. ஒவ்வொரு கிளிப்பையும் ஓட்டைக்கு நேரே பிடித்து, உள்ளங்கையால் அமுக்க வேண்டும். சரியாகப் போனால் டிக் என்று ஒரு சத்தம். போகாவிட்டால் கிளிப் வளைந்துவிடும்.

நான் ஒவ்வொரு டிக்குக்கும் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியில் வேர்வை இருக்கிறதா, கை நெஞ்சுக்குப் போகிறதா.

"கதவைப் பாரும், என்னை ஏன் பாக்கிறீர்?"

"வெயிலோ?"

"வெயில் இல்லை." சற்றுப் பொறுத்து, "என்ரை நெஞ்சையும் வெட்டிப்போட்டுக் கம்பியாலைதான் கட்டுவினமாம்" என்றார்.

என் கை நின்றது.

"எனக்கும் பயம்தான்" என்றார் காரைப் பார்த்தபடியே. "சும்மா இருந்தால் கூடுது. அதுதான் வேலை வேலை எண்டு திரிஞ்சனான்."

அப்போது தொடர்மாடியின் வாசல் படலையடியில் ஒரு ஆள் வந்து நின்றார். செல்வராஜ். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, கையில் ஒரு நெருப்புப்பெட்டி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நெருப்புப்பெட்டிக்குள், வேறு கார்களின் கிளிப்புகளை அரத்தால் ராவி எங்கள் அளவுக்குக் கொண்டுவந்த பத்துப் பன்னிரண்டு கிளிப்புகள்.

"கடை முழுக்கப் பாத்துட்டேங்க ஐயா. கெடைக்கல. அதான் ராத்திரி உக்காந்து இது கொஞ்சம் செஞ்சேன். ஒரு கதவுக்கு வரும்" என்றார். அப்போதுதான் என் கையிலிருந்த கிளிப் அவர் கண்ணில் பட்டது.

குகன் கதிரையிலிருந்து எழுந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"செல்வராஜ், பிழை என்ரை. பொட்டலத்தை நான் ஒளிச்சு வைச்சனான். அவருக்கும் தெரியாது. உங்கள் மேலே பழி விழுந்தது தெரிஞ்சும் பேசாமல் இருந்திட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஏங்கம்மா?" என்றார்.

ஏன் என்று சொன்னேன். வாசலில் நின்று அதைச் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது. குகன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லைங்க" என்றார் செல்வராஜ். முகம் அப்படிச் சொல்லவில்லை. தேத்தண்ணி போடட்டா என்று கேட்டேன். "வேணாம்மா."

ஆனால் அவர் போகவில்லை. சேட்டின் கையை மடித்துவிட்டுப் பின்பக்கத்து இடது கதவுக்குப் போனார். அவர் சொன்னது சரிதான், பலகை உட்காரவில்லை. மூன்று ஓட்டைகள் விலகி நின்றன. பலகையைக் கழற்றி, ஓட்டைகளை அரத்தால் நீட்டி, தான் ராவிக் கொண்டுவந்த கிளிப்புகளையே அதற்குப் போட்டு அமுக்கினார். புது ரப்பரின் தடிப்பில் கதவு பூட்ட மறுத்தது. பூட்டின் நாக்குத் தகட்டை ஒரு நூலளவு வெளியே தள்ளி வைத்தார். பிறகு பூட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேஷன் என்னைக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். வியாழன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மற்ற மூன்று கதவுகளையும் நான் முடித்தேன். அதற்கு ஞாயிறும் திங்களும் செவ்வாய் பாதியும் போயின. விரல் நுனியெல்லாம் கிழிந்திருந்தது.

வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணித்தியாலம் என்றார்கள். மத்தியானம் வைத்தியர் வெளியே வந்து, நல்லபடி முடிந்தது என்றார். நான் அபிக்குச் சொன்னேன். அவள் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் வர டிக்கெட் எடுத்திருந்தாள். தொலைபேசியில் அழுதாள்.

பின்னேரம் ஐந்து மணியளவில் ஒரு தாதி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரத்தக் கசிவு நிற்கவில்லை, மறுபடி திறந்து பார்க்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னாள். ஒரு கடதாசியை நீட்டினாள். சம்மதப் பத்திரம். நான் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த அதே வகைப் பத்திரம். வரி வரியாக மனப்பாடம். அன்றைக்கு ஒரு எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"எத்தனை நேரம் எடுக்கும்? கசிவு எங்கிருந்து? வைத்தியர் உள்ளே இருக்கிறாரா?" என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். குரல் வந்தது. தாதி நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன்.

அந்த இரண்டு மணித்தியாலத்தில் என் தொலைபேசி ஒரு தரம் அடித்தது. செல்வராஜ்.

"ஐயா எப்படிம்மா இருக்காரு?"

சொன்னேன். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "கீழ போயி ஒரு டீயாவது குடிங்கம்மா. நான் அப்புறம் எடுக்கிறேன்." சொன்னபடி எடுத்தார். அப்போது கசிவு நின்றுவிட்டது என்ற செய்தி எனக்கு வந்திருந்தது. அதை முதலில் கேட்டவர் அவர்தான், அபிகூட இல்லை.

வீட்டுக்கு

பத்தாவது நாள் வீட்டுக்கு விட்டார்கள். நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். இருமல் வந்தாலும் வாகனம் குலுங்கினாலும் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பின்சீட்டில்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னார்கள்.

வாடகைக் கார் கேட்டேன். மழை. முதல் கார் வரவில்லை. இரண்டாவது கார் வந்தது. சீட் மிகத் தாழ்வு. குனிந்து ஏறப் பார்த்த குகன் தையல் இழுத்து, முனகிக்கொண்டு திரும்பச் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டார். "எங்கடையைக் கொண்டுவாரும்" என்றார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், பற்றரி இறங்காமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒரு தரம் நான் மைனரை ஸ்டார்ட் செய்து வீட்டுக்கு முன்னாலுள்ள சின்ன ஒழுங்கைக்குள் ஓட்டியிருந்தேன். லைசென்ஸ் உண்டு. ஆனால் காலி வீதியின் நெரிசலுக்குள் அதை நான் ஒருபோதும் எடுத்தவளில்லை. முச்சக்கர வண்டி பிடித்து வீட்டுக்குப் போய், காரை எடுத்துக்கொண்டு வந்தேன். எப்படி வந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். மைனரின் சீட் உயரம். அவர் நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தார். ஆஸ்பத்திரி ஊழியர் கதவைச் சாத்தினார்.

டூப்ளிகேஷன் வீதியில் மழை கண்ணாடியில் வழிந்தது. நான் கியர் மாற்றும் ஒவ்வொரு தரமும் பல்லைக் கடித்தேன். இந்த மனுஷன் என் கிளச்சைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முதல் சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். தலையணையை அணைத்தபடி நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தலையணை மெல்ல ஏறியது, இறங்கியது.

அடுத்த சிக்னலிலும் திரும்பிப் பார்த்தேன். அதற்கடுத்ததிலும்.

பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கு வந்து, சிவப்பு விழுந்தபோது பார்த்தால் தலையணை அசையாமல் கிடந்தது. காரின் அதிர்வில் தெரியாமல் இருக்கலாம். நான் கண்ணைச் சுருக்கினேன். பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பிறகு எல்லா வாகனங்களும் அடித்தன. யாரோ ஒருவன் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். நான் கியரைத் தொடவில்லை. காலி வீதி முழுவதும் எனக்குப் பின்னால் நின்றாலும் நிற்கட்டும்.

தலையணை ஏறியது. இறங்கியது. இன்னொரு தரம் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. முதலாம் கியரைப் போட்டேன்.